ஓட்டு வீடு, 28 மி.மீ. அளவில்

பாளையங்கோட்டையில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை எனக்கு. பலகை, பசை, உப்புத்தாள், வார்னிஷ் இதுதான் நாள் முழுக்க. அதனால்தானோ என்னவோ, மேசைப்போர் விளையாடுகிற பையன்கள் லேசரில் வெட்டின வீட்டுக் கிட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். கட்டைவிரலின் மேல்கணு அளவுக்கு, ஏறக்குறைய 28 மி.மீ. உயரத்தில் சிப்பாய்கள், டேப், பகடை, ரெண்டு படை. நடுவில் நாலு வீடு இருந்தால்தான் ஒளிய இடம், மறித்துச் சுட இடம். எங்க ஊர்ப் பையன்கள் நடத்துவது 1799-லிருந்து 1801 வரை நடந்த பாளையக்காரர் சண்டை. கிட்டில் வருவதோ புகைக்கூண்டு வைத்த ஐரோப்பியக் கிராமத்து வீடு. அதை ஓட்டப்பிடாரம் பக்கத்து வீடாக மாற்றுவதைத்தான் எழுதப் போகிறேன்.

கிட்டோடு வரும் தாள், ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடி என்று சொல்லும். நான் சொல்வது நேர் எதிர். பலகை தட்டையாகக் கிடக்கும்போதே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுங்கள். நின்ற சுவரின் உள்மூலையில் பிரஷ் போகாது. படுத்த சுவரில் எங்கேயும் போகும்.

உறையைப் பிரித்ததும் கரிந்த வாடை அடிக்கும். எம்.டி.எஃப். என்பது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. லேசர் அதைச் சுட்டுத்தான் வெட்டுகிறது. ஜன்னலோரம் காற்றாட விரித்துப் போடுங்கள், வாடை குறையும். துண்டுகள் சின்னச் சின்னக் கண்ணியில் தாய்ப்பலகையோடு தொங்கிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கித் தள்ளினால் மேல்தோல் உரிந்து வரும். பலகையைப் புரட்டிப் போட்டு, பின்பக்கமிருந்து கட்டரால் கண்ணியை அறுங்கள். எடுத்த துண்டின் உள்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். இடது சுவரும் வலது சுவரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் துளை ஒரு மில்லி தள்ளி இருக்கும்.

கரியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். விளிம்பு தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். காய்ந்த துணியால் துடைத்து, 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கரி படிந்த முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். அந்தத் தூளில் மரம் மட்டுமல்ல, பிசினும் இருக்கிறது.

இனி பசை இல்லாமல் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், மாஸ்கிங் டேப் போட்டு. ஒரு துண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அடுத்த துண்டின் துளைக்குள் நுழையவில்லை என்றால் சுத்தியலைத் தேட வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் பலகை ஈரக்காற்றை வாங்கி லேசாகத் தடித்துவிடும், அவ்வளவுதான். நாக்கின் முனையைச் சாய்வாக ராவி, துளையின் உள்விளிம்பை அரத்தால் ரெண்டு இழுப்பு இழுங்கள். நாக்கின் அகலமுகத்தைத் தேய்த்து மெலிசாக்கினால் வெயில் காலத்தில் ஆடும்.

இந்த நேரத்திலேயே ஒரு சிப்பாயை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். நம்ம ஊர் நிலை குனிந்து போகிற உயரம் என்று நினைத்துக் கதவைக் குட்டையாக்க ஆசை வரும். சிப்பாயின் காலடியில் பீடம் ஒன்று இருக்கிறதே, அது ரெண்டு மூணு மில்லி உயர்த்திவிடும். கிட்டில் கதவு 40 மி.மீ. இருந்தால் அப்படியே விடுங்கள். உள்ளே தார்சா, பட்டாசல், அரங்கு என்று அறை அறையாகத் தடுத்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் பையன்களின் விரல் உள்ளே போய்ச் சிப்பாயை எடுக்க வேண்டும். ஒரு தடுப்பு போதும். கூரையை ஒட்டவே கூடாது, கழற்றி எடுக்கிற மாதிரிதான் இருக்க வேண்டும். புகைக்கூண்டைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, அதன் துளையை அட்டையால் அடையுங்கள்.

அடுத்தது சீலர், பலகை ஈரம் குடிக்காமல் அடைக்கிற பூச்சு. இதை விட்டால் மற்ற எதுவும் சரியாக வராது. எம்.டி.எஃப். பலகையின் முகம் கெட்டி, விளிம்பு பஞ்சு. தண்ணீர் கலந்த பெயின்ட் நேரே விளிம்பில் பட்டால் குடித்துக்கொண்டே இருக்கும், நிறமும் திட்டுத்திட்டாகும். தச்சர்கள் வாங்குகிற வுட் சீலரைத் தின்னரில் கரைத்து விளிம்புக்கு ரெண்டு கை, நடுவில் ஒரு தேய்ப்பு. முகத்துக்கு ஒரு கை, ஆனால் ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரத்தை வாங்கி, சுவர் வில்லாக வளைந்துகொள்ளும். பெயின்டுக்கும் இதே விதிதான். ஒட்டப்போகிற நாக்குக்கும் துளைக்கும் மட்டும் மாஸ்கிங் டேப் சுற்றிவிடுங்கள். சீலர் ஏறின இடத்தில் ஃபெவிகால் பிடிக்காது.

சீலர் காய்ந்த பிறகு, சுவர் படுத்திருக்கும்போதே அதில் வேலையைத் தொடங்கலாம். கிட்டின் பெரிய ஜன்னல்கள் நம்ம வெயிலுக்கு ஒத்துவராது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் பாதியை அடைத்து, மிச்சத்தில் ஈர்க்கை நறுக்கிக் கம்பியாக நிறுத்துங்கள். இந்தப் பத்திரிகை அட்டைக்கு ஈடான பொருள் கடையில் கிடையாது. கெட்டி, நார் பிரியாது, தை மாதம் முடிந்தால் வீட்டில் குவிந்து கிடக்கும். கதவுப் பலகை, நிலை, திண்ணையின் ஓரம் எல்லாமே அதில் செய்துவிடலாம்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு மாடம் வையுங்கள். 4 மி.மீ. சதுரத்தில் துளை, பின்னால் அட்டை, மேல்விளிம்பை மட்டும் கொஞ்சம் கூம்பலாக அறுங்கள். பெயின்ட் எல்லாம் முடிந்தபின், கறுப்பில் துளி பழுப்புக் கலந்து சுண்டுவிரல் நுனியில் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, மாடத்தின் மேல்விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரே ஒரு தடவு. கீழ்விளிம்பில் எண்ணெய் வழிந்த கறை, அதற்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு. விளையாட வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

காரைப் பூச்சுக்கு வால் புட்டி, ஃபெவிகால், வெள்ளை எமல்ஷன் மூன்றையும் இட்லி மாவு பதத்தில் குழையுங்கள். பழைய பல் பிரஷால் குத்திக் குத்தி வையுங்கள். இழுத்தால் கோடு விழும். ரெண்டு மூணு இடத்தில் வேண்டுமென்றே பூசாமல் விட்டு, அங்கே அட்டையில் செங்கல் வெட்டி ஒட்டினால் காரை பெயர்ந்த சுவராகத் தெரியும். எல்லாச் சுவரிலும் இதைச் செய்யாதீர்கள். ஊரில் ஒரு வீட்டுக்காரனாவது பொங்கலுக்கு வெள்ளையடித்திருப்பானே!

பெயின்டுக்கு முன் அடிப்பூச்சாக ப்ரைமர் ஸ்ப்ரே, மினுங்காத மேட் சாம்பல் நிறம். இதில் நம்ம ஊருக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் தட்டட்டியில், அதான் மொட்டைமாடியில், நின்று ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் பக்கத்து வீட்டுக்குப் போகும், தூசி உங்கள் சுவருக்கு வரும். சித்திரை மத்தியானம் அடித்தால் பலகையில் படுமுன் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகும். மழைநாளில் மேட் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். தையும் மாசியும் தோது. மற்ற மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னால், பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்கப் போட்டு அதற்குள் வைத்து அடியுங்கள்.

சின்னச் சின்னக் குப்பியில் வருகிற இறக்குமதிப் பெயின்டைச் சிப்பாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஹார்டுவேர் கடை எமல்ஷனும் அதில் நிறம் கலக்க மஞ்சள், காவி, கறுப்பு ஸ்டெய்னரும் போதும். முதலில் சுவர் முழுக்க மண் பழுப்பு. அது காய்ந்ததும் அழுக்கு வெள்ளையை ஸ்பாஞ்சில் ஒற்றி ஒற்றி ஏற்றுங்கள், பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கட்டும். கடைசி வெள்ளையில் ஊசிமுனை அளவு நீலம். சுண்ணாம்பு அடிக்கும்போது நீலம் போடுவார்களே, அந்தக் குளிர்ச்சி வரும். பிரஷில் பெயின்டைத் தொட்டு, தாளில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசினால் பூச்சின் சொரசொரப்பு எழுந்து நிற்கும். மழைத்துளி தெறித்த மண்கறை சுவரடியில் 8 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நிஜத்தில் அது ஒன்றரை அடி.

இப்போதுதான் பசை.

"அண்ணாச்சி, ஃபெவிகுவிக் போட்டா டக்குனு ஒட்டிக்கிடுமே?" என்று கேட்பார்கள்.

"ஒட்டிக்கிடும்டே. கோணலா நின்னாலும் டக்குனுதான் ஒட்டிக்கிடும். பொறவு என்ன செய்வே?"

ஃபெவிகால்தான். நாக்கில் மெல்லிசாகத் தடவி, தரைப்பலகையைச் சுற்றி நாலு சுவரையும் ஒரே மூச்சில் நிறுத்தி ரப்பர் பேண்ட் போடுங்கள். திருப்பிச் சரிசெய்யப் பத்து நிமிஷம் கிடைக்கும். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அதோடு நிற்காமல் எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே குறுக்களவு ரெண்டையும் அளந்து பாருங்கள். சட்டக்கடையில் இதுதான் பாடம். ரெண்டும் சமமாக இருந்தால் கூரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உட்காரும். ராத்திரி முழுக்கத் தொடாதீர்கள்.

காய்ந்த பிறகு மூலைகளில் நாக்குகள் பல் பல்லாகத் தெரியும். லேசர் கிட்டைக் காட்டிக்கொடுப்பது இதுதான். நீட்டிக்கொண்டிருப்பதை உப்புத்தாளால் சமமாக்கி, சீலர் தொட்டு, அதே காரைக் குழைவை விரலால் இழுகி, எடுத்துவைத்த பெயின்டை ஒற்றிவிடுங்கள். அதனால்தான் குழைவையும் கலந்த நிறத்தையும் மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

கூரை. கிட்டில் ஓடு என்று கோடு கிழித்த பலகை வரும், அதை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டையான சீமை ஓடு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் அந்த ஓட்டுக்குத் தொழிற்சாலை வைத்ததே 1860-களில். 1799 செப்டம்பரில் கம்பெனிப் படைத்தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது இங்கே இருந்தது குயவர் கையால் செய்த வளைந்த நாட்டு ஓடும் பனை ஓலையும்தான். நாட்டு ஓட்டுக்கு, கண்ணாடிச் சாமான் சுற்றிவருகிற ஒருபக்கம் நெளிந்த அட்டை சரியாக இருக்கும். நெளிவுக்குக் குறுக்காக 6 மி.மீ. பட்டையாக வெட்டி, இறவாரத்திலிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு வரிசையும் 4 மி.மீ. தெரிந்தால் போதும். அங்கங்கே பட்டையின் ஓரத்தை நகத்தால் கிள்ளிவிடுங்கள், ஓடு உடைந்த மாதிரி. தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கை பூசினால் அட்டை விறைத்துக்கொள்ளும். நிறம் காவி ஒன்றே போதாது. பழுப்பு, செங்காவி, கரும்பாசி என்று மூணு நாலு கலவை செய்து தனித்தனி ஓடாகத் தொட வேண்டும். பொறுமை கேட்கிற வேலைதான், ஆனால் மேசையில் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படுவது கூரைதான்.

ஓலைக் கூரைக்குப் பழைய கோரைப்பாய் போதும். பாவு நூலைப் பிரித்து, கோரையைத் துண்டு துண்டாக வெட்டிக் கீழிருந்து அடுக்குங்கள். பத்தமடைப் பாயைக் கிழிக்க வேண்டாம், அந்த நைஸ் இங்கே வீண். கோட்டைச் சுவருக்கு லேசர் கிட்டே தேவையில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப்போய் மறுபடி எழுப்பியதும் மண்ணால்தான். தெர்மோகோலும் வால் புட்டியும் வாங்கினால் போதும்.

வீட்டடியில் மண் தூவுவதற்கு ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை எல்லாம் திருநெல்வேலி என்ற ஒரே சீமைதான், மண் மட்டும் அன்றைக்கும் வேறு வேறு. ஓட்டப்பிடாரம் என்றால் கரிசல், சாத்தான்குளம் பக்கம் என்றால் செக்கச்சிவந்த தேரி. தேரி மணலை டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகால் மேல் தூவினால் பெயின்டே வேண்டாம். வார்னிஷ் பட்டால் ஒரு படி கறுக்கும், அதைக் கணக்கில் வைத்து ஓரத்தில் கொஞ்சம் மணலை வார்னிஷுக்குப் பிறகு தூவலாம்.

கடைசியாக மேட் வார்னிஷ், மெல்லிசாக ரெண்டு கை. உள்பக்கமும், கூரையின் அடியிலும். எடுத்து வைக்கும்போது கூரையை வீட்டின் மேலேயே வைத்துப் பெட்டியில் மூடாதீர்கள். புதுப் பெயின்ட் ரெண்டும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சுவரின் மேல்விளிம்பு உரிந்து வரும். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் தீர்ந்தது.