கார்புரேட்டருக்குள் கம்பியை விடும் முன்

ஐந்தாறு வாரம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டி. சோக் போட்டால் கிளம்புகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, சிக்னலில் கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளையுள்ள பித்தளைத் திருகு, அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புதிய பைக்குகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் நம் தெருக்களில் இன்னும் ஓடுகிற பழைய ஸ்பிளெண்டர், பேஷன், டிஸ்கவர், பல்சர் எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள்தான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது பொறுமை இருக்கிற எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. ஆனால் அழுக்கினால் வீணாய்ப் போன கார்புரேட்டரை நான் பார்த்தது குறைவு. சுத்தம் செய்யப் போன கையால் வீணானவையே அதிகம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தேவையில்லாமல் திறப்பது. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் பெட்ரோல் கிண்ணத்துக்கு ஒரு வடிகால் ஸ்க்ரூ உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலை அடியில் பிடித்து அந்த ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வந்த பெட்ரோலை அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக உருண்டு நிற்பது தண்ணீர். சிவப்பாகப் படிவது டாங்க் துரு. பிறகு ஸ்க்ரூவை மூடாமலே டேப்பைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் நிற்காமல் ஒழுகினால் டேப் வரை பழுதில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் பெரும்பாலும் டேப்பின் வடிகட்டியோ டாங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கும். அவற்றை முதலில் பார்க்காமல் கார்புரேட்டரைத் திறக்காதீர்கள். பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கிண்ணத்தை வடித்ததோடு சரியாகிவிட்ட வண்டிகளும் உண்டு.

அடுத்தது இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். எரியும் அடுப்பு, பூஜை விளக்கு, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எதுவாக இருந்தாலும் அங்கே பற்றிக்கொள்ளும். அதனால் மூடிய வராண்டாவிலோ சமையலறைக்குப் பின்னால் உள்ள நடையிலோ இந்த வேலை வேண்டாம். திறந்த வெளியில், எஞ்சின் கையைச் சுடாத அளவு ஆறிய பிறகு செய்யுங்கள். சிறு பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது.

ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் கார்புரேட்டரைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட்டுகளும் ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர் குழாயின் கிளாம்பும்தான். 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மண்ணே உள்ளே போய் விழும். கழற்றியதும் எஞ்சின் பக்கத்துத் துளையைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். ஒரு வாஷர் அதற்குள் விழுந்துவிட்டால் பிறகு பேச்சு கார்புரேட்டரைப் பற்றி இருக்காது, எஞ்சினைப் பற்றித்தான் இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஜப்பான் வடிவமைப்பில் வந்த கார்புரேட்டர்களின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் பார்க்க வழக்கமான ஸ்டார் போலவே இருக்கும். ஆனால் காடி கொஞ்சம் வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். அளவு சரியான முனையை வைத்து, பின்பக்கம் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி, அழுத்திக்கொண்டே திருப்புங்கள். ஜெட்டுகள் பித்தளை, மென்மையான உலோகம். காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை முனைதான் வேண்டும். பாதி அகலமுள்ள முனையால் திருகினால் காடியின் உதடு பிய்ந்துவிடும். பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

இனி ஏர் ஸ்க்ரூ. கார்புரேட்டரின் பக்கவாட்டில், ஸ்பிரிங்கோடு இருக்கும், ஐடிலிங்கில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் சின்ன ஸ்க்ரூ. இதை நேராகக் கழற்றிவிடுவது மிகவும் பரவலான தவறு. முதலில் உள்பக்கமாக மெதுவாகத் திருப்பி, அது போய்த் தட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கைதான் உங்களுக்கு வழிகாட்டி. தட்டிய இடத்தில் கொஞ்சமும் இறுக்கக் கூடாது. அதன் கூர்முனை உள்ளே பதிந்து வளைந்துவிட்டாலோ ஒடிந்துவிட்டாலோ அந்தக் கார்புரேட்டர் பழையபடி ஒழுங்காக ஐடிலிங் நிற்காது. அதன் பின்னே ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) என்று இருந்தால் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்; அதை மறந்து கிளீனர் அடிப்பவர்கள் நிறையப் பேர்.

கம்பி விடும் தவறுக்கு வருகிறேன். முதன்முதலாக என் வண்டியைப் பிரித்தபோது, பழைய ஆக்சிலேட்டர் கேபிளில் இருந்து ஓர் இழையைப் பிய்த்து ஸ்லோ ஜெட்டுக்குள் விட்டுக் குடைந்தேன். அடைப்பு போனது, வண்டியும் கிளம்பியது. ஆனால் மைலேஜ் இறங்கியது, பிளக் கருகியது, எப்படி டியூன் செய்தாலும் சரிவரவில்லை. புது ஜெட் மாற்றிய பிறகுதான் நிம்மதி.

காரணம் எளிய கணக்கு. கெய்ஹின் வகையில் 35 என்று எண் போட்ட ஜெட்டின் துளை ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர். எஃகு இழை அதை 0.40 ஆகச் சுரண்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும். அவ்வளவு பெட்ரோல் அதிகமாகப் போகும். அதனால் ஊசி, கேபிள் இழை, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். ஜெட்டைக் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, காற்றடித்து, அப்படியும் போகவில்லை என்றால் மெல்லிய தூண்டில் நைலான் நரம்பை விடுங்கள். வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஒளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அதற்கும் மசியாத ஜெட்டை மாற்றிவிடுவதே நல்லது.

ஜெட்டை மட்டும் கழுவிவிட்டு மூடிவிடுவதும் பாதி வேலைதான். ஜெட் திருகப்படும் இடத்துக்குப் பின்னால் உடலுக்குள் வாய்க்கால் போலத் துளைகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் கிளீனர் அடித்தால் மறுபக்கம், காற்று போகும் பெரிய துளையின் தரையில் உள்ள மிகச் சிறிய ஓட்டையில், அது பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் இதைப் பாருங்கள். கண்ணாடி அணியாமல் செய்யாதீர்கள். எந்த ஓட்டையிலிருந்து கண்ணுக்குள் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். ஓ-ரிங், கிண்ணத்தின் கேஸ்கெட், கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடும் ரப்பர் முனையுள்ள ஊசி எல்லாம் அந்தத் திரவம் பட்டால் உப்பிவிடும். பல்சர் டிடிஎஸ்-ஐ போன்ற வண்டிகளில் வரும் சிவி வகை (காற்றின் உறிஞ்சலால் இயங்கும்) கார்புரேட்டரின் மேல்மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. அதன் மேல் ஒரு துளி கூடப் படக் கூடாது. பெட்ரோலில் நனைந்து உப்பிய கேஸ்கெட் காடியில் உட்காரவில்லை என்றால் இழுத்துப் பொருத்தாமல் சில மணி நேரம் காற்றில் காயவிடுங்கள். பெரும்பாலும் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். அவசரப்பட்டுச் சிலிக்கான் பசை தடவி மூடாதீர்கள். பெட்ரோலில் அது பிரிந்து, துணுக்காகி, நீங்கள் இப்போது சுத்தம் செய்த அதே ஜெட்டுக்குள் போய் உட்காரும்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைப் பிடித்திருக்கும் பின்னைச் சுத்தியால் அடித்துத் தள்ளாதீர்கள். அது நிற்கும் இரண்டு தூண்களும் உடலோடு வார்த்தவை; ஒன்று ஒடிந்தால் முழுக் கார்புரேட்டரும் போச்சு. மிதவையின் நாக்கையும் வளைக்க வேண்டாம். ஊசியின் முனையில் வட்டமாகத் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் ஊசியை மாற்றுங்கள். அந்த முனை சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் நிரம்பி வழியும், சில வண்டிகளில் எஞ்சினுக்குள்ளும் இறங்கும். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

மாட்டும்போது உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. ஸ்பிளெண்டர் வகையில் ஆக்சிலேட்டர் கேபிளோடு மேலும் கீழும் போகும் சிலிண்டர் போன்ற ஸ்லைடின் பக்கத்தில் ஒரு நீளக் காடி உண்டு. உடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் அந்தக் காடி விழ வேண்டும். ஸ்லைடின் அடியில் வெட்டு உள்ள பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். தப்பாக விட்டால் ஸ்லைடு கீழே முழுதாக இறங்காது. வண்டி கிளம்பியதும் எஞ்சின் தானாக அலறும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன், ஹேண்டிலை இடது கடைசியிலும் வலது கடைசியிலும் திருப்பி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். டக் என்ற சத்தத்தோடு அது தானாக மூட வேண்டும். மூடவில்லை என்றால் மறுபடியும் பிரியுங்கள்.

அந்த இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கினால் முகப்பு வளைந்து, ஓ-ரிங் ஓரமாகக் காற்று நுழையும். ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

டேப்பைத் திறந்து, ஸ்டார்ட் செய்யாமல் பத்து நிமிடம் விட்டு வையுங்கள். எங்கும் கசியவில்லை என்றால் கிளப்பலாம். டியூனிங்கை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யாதீர்கள். நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, பல 100 சிசி வண்டிகளுக்குப் பொருந்தும் நிமிடத்துக்கு 1400 சுற்றை ஒட்டி ஐடிலிங் வையுங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, எங்கே ஓட்டம் மிகவும் சீராக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

ஒரு வாரம் கழித்துக் கிண்ணத்தை மறுபடி அதே பாட்டிலில் வடித்துப் பாருங்கள். சிவப்புத் தூள் திரும்ப வந்திருந்தால் வேலை இனி டாங்கில்தான். அதைக் கழற்றித் துருவைக் கழுவி, டேப்பின் வடிகட்டியை மாற்றாத வரை ஸ்லோ ஜெட் மறுபடி மறுபடி அடைக்கும். தண்ணீர் வந்திருந்தால் டாங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் நிறுத்தும் அன்றே டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.