இரண்டாவது கண்ணாடி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் விக்டோரியா காலத்து வீட்டில் குடியேறியவர்களுக்கு, மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னலின் குணம் ஜனவரியில்தான் தெரியவரும். ஜன்னல் சாத்தியிருக்கும், திரைச்சீலை மட்டும் ஆடும். பழைய தோற்றம் மாறாமல் காக்கப்படும் கன்சர்வேஷன் ஏரியா என்றால் ஜன்னலையே மாற்ற கவுன்சில் பெரும்பாலும் எளிதில் விடாது. அப்போது கைகொடுப்பது செகண்டரி கிளேசிங். பழைய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உட்புறம் இன்னொரு கண்ணாடி பொருத்துவது. நல்ல வழிதான். ஆனால் பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஜன்னலையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய தவறு, வெளி ஜன்னலின் இடுக்கையெல்லாம் சிலிகான் வைத்து அடைப்பது. சமையல், குளியல், ரேடியேட்டரில் காயும் துணி என்று வீட்டுக்குள் ஈரம் ஓயாது. அந்த ஈரக்காற்று இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்தால், குளிர்ந்துகிடக்கும் வெளிக் கண்ணாடியில் நீராகப் படியும். வெளியே போக வழியில்லாவிட்டால் வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கும். தெரிந்தவர் வீட்டில் இப்படி இரண்டு குளிர்காலம் போனது. வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. நகத்தால் அழுத்தினேன், மரம் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் மழையைத் தாங்கி நின்ற மரம் அது. மனசு கேட்கவில்லை.

ஆகவே, இறுக்கமாக அடைக்க வேண்டியது உள் சட்டத்தை. வெளி ஜன்னல் கொஞ்சம் மூச்சுவிடட்டும். குளிர்காற்றில் ஈரம் குறைவு என்பதால், இடுக்கு வழியே வந்துபோகும் காற்றே நடுவிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். வெளிக் கண்ணாடியில் நீர் பூத்தால் உள் சட்டத்தில் எங்கோ கசிவு இருக்கிறது. உள் கண்ணாடியில் அறையைப் பார்த்த பக்கத்தில் பூத்தால் அறையிலேயே ஈரம் அதிகம், எக்ஸ்ட்ராக்டர் ஃபேனைக் கவனியுங்கள்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இடைவெளி கூடக் கூட வெப்பம் தங்கும் என்று நினைப்பதும் தவறு. குளிருக்கு 16 முதல் 20 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் நடுவில் காற்று சுழல ஆரம்பிக்கும், கூடுதல் பலன் கிடைக்காது. பஸ் சத்தம்தான் தொல்லை என்றால் கதை வேறு, 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும்.

காசு மிச்சம் என்று சாதாரணக் கண்ணாடியோடு நின்றுவிடாதீர்கள். வெப்பத்தை அறைக்குள்ளேயே திருப்பும் லோ-ஈ பூச்சுள்ள கண்ணாடியைப் பூச்சு வெளி ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தால், ஜன்னல் வழி வெப்ப இழப்பை 60 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம் என்கிறது பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போட்டால் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், வெடிப்பு விழும். மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள லிஸ்டட் கட்டடமா, ஆணி அடிக்கும் முன் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

முக்கியமாக, படுக்கையறையில் உள் கண்ணாடியைத் திருகாணி போட்டு நிரந்தரமாக மூடவே கூடாது. தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கிப்போக அந்த ஜன்னல்தான் வழி. கீல் வைத்ததோ நகர்த்துவதோ, இருட்டில் ஒரே கையால் திறக்க வருகிறதா என்று நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.