வாங்கின லிஸ்டுக்கு மெயில் அனுப்பினால் மாட்டுவது யார்?

போன மாதம் பத்தமடைப் பாய் விற்கிற அண்ணாச்சி ஒருவர் பென்டிரைவோடு வந்தார். உள்ளே ஒரே ஒரு எக்செல் ஃபைல், நாற்பதாயிரம் மெயில் முகவரி. அமெரிக்கா, கனடா, லண்டன் என்று நாடுவாரியாகப் பிரித்திருந்தது. ஒரு ஏஜென்சி விற்றதாம், அனுப்பித் தருவதும் அவர்கள்தானாம். "அனுப்புதது அவங்கதான தம்பி, நமக்கென்ன?" என்றார்.

நமக்குத்தான். முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பர மெயிலுக்கான அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டப்படி (2003), கூலிக்கு ஆள் வைத்து அனுப்பினாலும் எவருடைய சரக்கை அந்த மெயில் விற்கிறதோ அவருக்கும் பொறுப்பு உண்டு. நம் ஊர் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் (2023) அதே வழியில்தான் போகிறது: ஏஜென்சியோடு நீங்கள் என்ன ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், உங்களுக்காக அவர்கள் செய்வதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகின்றன.

இந்தியாவில், கேட்காமலே வந்து விழும் ஸ்பேம் மெயிலுக்கென்றே தனிச் சட்டம் கிடையாது என்பது உண்மைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தொல்லை தரும் மெயிலையும் தொட்ட 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற போன் எண்ணில் பதிவு செய்து தடுப்பதெல்லாம் போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். அதற்காக எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஆகிவிடாது. இன்னொருவர் பெயரில், வங்கி மாதிரியோ கூரியர் மாதிரியோ வேஷம் போட்டு ஏமாற்றினால் அதே சட்டத்தின் 66டி பிரிவு இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை.

சரி, முறையாக அனுப்புவது எப்படி?

அனுமதியிலிருந்து தொடங்குங்கள். பாளையங்கோட்டையில் கண்காட்சி போடும்போது வருகிறவர்கள் நோட்டில் பெயரும் மெயிலும் எழுதுகிறார்கள் அல்லவா, அந்தப் பக்கத்திலேயே "புதுப் பாய் வந்தால் மெயில் அனுப்பலாமா?" என்று ஒரு கட்டம் போட்டு அவர்கள் கையாலேயே டிக் போடச் சொல்லுங்கள், தேதியோடு. டிக் இல்லாதவருக்கு அனுப்ப வேண்டாம். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் சம்மதம் வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

அப்புறம் மெயிலின் தலைப்பு. ஆர்டரே போடாதவருக்கு "உங்கள் ஆர்டர் பற்றி" என்று போடுவது பொய், சட்டமும் அதைப் பொய் என்றுதான் பார்க்கும். "பத்தமடை கோரைப் பாய், புது வரவு" என்றே போடுங்கள். அடியில் கடையின் முழு அஞ்சல் முகவரியும், 'இனி வேண்டாம்' என்று சொல்ல ஒரு லிங்க்கும் கட்டாயம் இருக்கட்டும். வேண்டாம் என்றவரை அமெரிக்கச் சட்டப்படி 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும், ஆஸ்திரேலியாவில் 5 வேலை நாள். நான் சொல்வது, அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பினால் அவர் இருக்கும் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முன்அனுமதி இல்லாமலும் விளம்பர மெயில் அனுப்பலாம், கேட்டதும் நிறுத்தினால் போதும். கனடாவில் அது நடக்காது. சம்மதம் முதலிலேயே வேண்டும், மீறும் நிறுவனத்துக்கு அபராதம் ஒரு கோடி கனடா டாலர் வரை போகலாம். நாலு பாய்க்கு ஆர்டர் பிடிக்கப் போய் இந்த வம்பு எதற்கு?

ஏற்கெனவே வாங்கின லிஸ்டுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் கடை பெயரில் இனி ஒரு மெயிலும் போகக் கூடாது என்று ஏஜென்சிக்கு மெயிலிலேயே எழுதி, பதிலையும் சேர்த்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். 'வேண்டாம்' என்று எழுதியவர்களின் முகவரியை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு அந்த எக்செல் ஃபைலை அழித்துவிடுங்கள். அண்ணாச்சி என் எதிரிலேயே அழித்தார், பென்டிரைவிலும் லேப்டாப்பிலும்.