வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் கரண்டி: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பிடித்துவிட்டால் மும்பையில் தாராவி, மாஹிம், சயான் கோலிவாடா பக்கம் வலை வைத்திருப்பவர்களுக்கு வேலை வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கிழிந்த கண்ணியை முடிவது, கயிறு மாற்றுவது, உதிர்ந்துபோன ஈயக்குண்டுக்குப் பதில் புதிது வார்ப்பது எல்லாம் அப்போதுதான். பாந்த்ரா பாறைகளில் தூண்டில் போடும் நம் பையன்களும் கடையில் வாங்குவதைவிட வார்த்துக்கொள்வது லாபம் என்று இறங்கியிருக்கிறார்கள். அச்சு எங்கே கிடைக்கும், பழைய ஈயம் கிலோ என்ன விலை என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். கரண்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. உருகிய ஈயம் கையில் படாமல் இருப்பதும், ஈயத்தூள் வீட்டுச் சோற்றில் சேராமல் இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கரண்டியைப் பொறுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிகப் பெரிய தவறு, சமையலறையில் கிடக்கும் பழைய குழம்புக் கரண்டியை எடுத்துக்கொள்வது. பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தும்போது கைக்கு எட்டுவது அதுதான், புரிகிறது. ஆனால் எடுத்த கரண்டி திரும்பவும் அடுப்படிக்குப் போய்விடுகிறது. “புளி போட்டு நல்லாத் தேச்சுட்டேன் அண்ணாச்சி, பளபளன்னு இருக்கு பாருங்க” என்று ஒரு தம்பி என்னிடமே காட்டினான். கரண்டியின் குழியில் பழைய கீறல்கள், அந்தக் கீறல்களுக்குள் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள். அது ஈயம். புளியின் அமிலம் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அந்தக் கரண்டியைப் புளிக்குழம்பில் விட்டுக் கொதிக்கவைத்தால் கரைந்தது முழுக்கக் குழம்பில்தான் இருக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். ஆகவே கரண்டியைப் புதிதாக வாங்குங்கள், கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். அது எதற்கான கரண்டி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

இணையத்தில் தேடினால் துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்கான கரண்டிகள்தான் முதலில் வரும். இங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குண்டு செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வலைக்குண்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, கரண்டியின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நல்ல கனமான இரும்புக் கரண்டியை நாக்தேவி தெருவில் தேடலாம், இல்லையென்றால் ஒரு வெல்டரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

எந்த உலோகம் என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும், அதனால் தாங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். உருகாது, ஆனால் உருகுவதற்கு வெகுமுன்பே தளர்ந்துபோகும். அரைக் கிலோ ஈயத்தோடு தூக்கும்போது கழுத்து வளைந்தால் அது காலில்தான் கொட்டும். ஜி.ஐ. பூச்சுள்ளதை வாங்கவே வாங்காதீர்கள்: பூச்சிலிருக்கும் துத்தநாகம் ஈயத்தில் கலந்து, அச்சுக்குள் சரியாக ஓடாத கட்டிக் கூழாக்கிவிடும். வெள்ளீயம் பூசிய பித்தளையில் பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும். எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, அது நல்லதுதான். ஆனால் மெல்லிய தகடு என்பதால் சட்டியிலிருந்து அச்சுக்குப் போவதற்குள் சூடு இறங்கிவிடும். கனமான இரும்போ வார்ப்பிரும்போதான் சரி. வார்ப்பிரும்பைச் சூடாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் விரிசல் விடும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனி ஈரம். மும்பைக்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நாம் வார்க்க உட்காருவதே மழை மாதத்தில். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஈரமான கரண்டியை உருகிய ஈயத்துக்குள் அமுக்கினால் அடியில் மாட்டிய ஒரு சொட்டு சட்டியில் இருப்பதையெல்லாம் முகத்தில் வாரி இறைத்துவிடும். கண்ணாடியும், முழுக்கை பருத்திச் சட்டையும், தோல் கையுறையும், மூடிய செருப்பும் இல்லாமல் உட்காரக் கூடாது என்பது இதனால்தான்.

கரண்டி வாங்கும்போதே இந்த ஈரத்தை மனதில் வைத்துப் பாருங்கள். கைப்பிடி ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். கழுவிய தண்ணீரோ கடற்காற்றின் ஈரமோ அங்கே தங்கும், துணியால் துடைத்தால் வராது. எவர்சில்வர் கரண்டிகளில் உள்ளே வெற்றிடமான கைப்பிடியும் உண்டு. நுனியில் தொங்கவிட ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சில சமயம் சத்தமே கேட்கும். இடுக்கே இல்லாமல் சுற்றிலும் வெல்டு வைத்த, கெட்டிக் கம்பிக் கைப்பிடிதான் வேண்டும். பிடிக்கும் இடத்தில் மரம், நீளம் சுமார் ஒரு அடி. இரண்டடி நீளமானால் அனல் படாது என்று தோன்றும், ஆனால் நுனி ஆடும்.

எவ்வளவு நல்ல கரண்டியானாலும் உள்ளே விடுவதற்கு முன் சட்டியின் விளிம்பில் நெருப்பனல் படும்படி வைத்துச் சில நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு மெதுவாக இறக்குங்கள். மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டிய இடம் என்றால் மழை நேரத்தில் வேண்டவே வேண்டாம், ஷீட்டின் அடியில் கோத்து நிற்கும் துளி எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மழை விட்ட நாளாகப் பார்த்து, திறந்த இடத்தில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில், பெரியதாக இருந்தால் நல்லது என்று வாங்குகிறார்கள். ஈயத்தின் எடை கண்ணுக்குத் தெரியாது: 100 மில்லி கொள்ளும் கரண்டியை நிரப்பினால் ஒரு கிலோவுக்கு மேல், ஏறக்குறைய 1,060 கிராம். மணிக்கட்டு தாங்காது. ரொம்பச் சின்னதும் ஆகாது. ஒரு குண்டுக்கு இரண்டு தடவை ஊற்ற நேர்ந்தால், முதலில் ஊற்றியது இறுகி நடுவில் மடிப்பு விழும், பாறையில் ஒரு அடி பட்டால் அங்கேயே பிரியும். 50 கிராம் தூண்டில் குண்டுக்கு 45 மில்லி கரண்டி போதும். அதில் சுமார் அரைக் கிலோ பிடிக்கும், பாதி மொண்டாலே நாலைந்து குண்டு ஆகும். வீச்சு வலைக்கான சின்ன மணிகளுக்கும் அதே கரண்டிதான், ஊற்றும் மூக்கு மட்டும் ஒடுக்கமாக இருக்க வேண்டும்.

வலக்கைக்காரருக்கு மூக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். அகலமான வாயிலிருந்து ஊற்றினால் மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடுதான் முதலில் அச்சுக்குள் போகும். ஆகவே மூக்கின் பின்னால், அடியில் மட்டும் சிறிய இடைவெளி விட்டு ஒரு குறுக்குத் தகடு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். கசடு தகட்டுக்குப் பின்னால் நின்றுவிடும், அடியிலிருந்து சுத்தமான ஈயம் வரும். பத்து நிமிட வேலை இது, வார்ப்பே வேறு மாதிரி ஆகிவிடும். கசடு வாரத் தனியாக ஒரு கண்ணகப்பை வேண்டும்.

கரண்டியிலேயே ஈயத்துண்டைப் போட்டு கேஸ் அடுப்பில் காட்டி உருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரும்பு மங்கலாகச் சிவந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள், அந்தச் சூட்டில் ஈயப்புகை வெகுவாகக் கூடிவிடும். வார்க்க 350 முதல் 400 டிகிரி போதும். கனத்த அடியுள்ள இரும்புச் சட்டியில் உருக்குங்கள், கரண்டி மொள்வதற்கு மட்டும். பழைய பேட்டரியை உடைத்து எடுத்த தகடு வேண்டாம். 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும் செனகல் நாட்டின் தியாரோய்-சுர்-மெர் என்ற ஊரில் பேட்டரி ஈயத்தை வாசலில் பிரித்ததால் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

வேலை முடிந்ததும் கரண்டி, சட்டி, அச்சு எல்லாம் மூடியுள்ள ஒரே டப்பாவில், வீட்டுக்கு வெளியே. கசட்டைச் சாக்கடையில் தட்டாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே நச்சான தூள், தனி டின்னில் மூடிவைத்து ஈயம் வாங்கும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடாபாவைத் தொடாதீர்கள், உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். இதுவரை குழம்புக் கரண்டியில் வார்த்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக் குழந்தைக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.