முட்டையைக் குளிப்பாட்டாதீர்கள்: வீட்டுக்கோழி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் போன ஆவணியில் ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். இருவருக்கும் கோவையில் கணினி வேலை. வந்த வேகத்தில் இருபது பெட்டைகளையும் இரண்டு சேவல்களையும் வாங்கி விட்டார்கள். கார்த்திகையில் முதல் முட்டைகளைத் தட்டில் அடுக்கி எனக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் பீங்கான் கிண்ணம் மாதிரி பளபளவென்று இருந்தது. "நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்தோம் அக்கா" என்று அந்தப் பெண் பெருமையோடு சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவள் மேல் இல்லை. இதே வேலையை ஒரு காலத்தில் வாளி வாளியாகச் செய்த என் மேல்தான்.

காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் முப்பது நாட்டுக்கோழிகளோடு இருக்கிறேன். உடைந்த முட்டையை வைக்காதே, கூடையைத் தொட்ட கையைக் கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

முட்டையைக் கழுவுவது

2010 சித்திரை. திருப்பூரில் ஒரு கடைக்காரர் வாரம் ஐந்து அட்டை நாட்டுக்கோழி முட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஓர் அட்டைக்கு முப்பது, ஆக நூற்றைம்பது முட்டைகள். என்னிடம் அவ்வளவு இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வாங்கிச் சேர்த்தேன். எச்சம், மண், வைக்கோல் என்று ஒட்டிக்கொண்டு வந்தவை பாதி. பட்டணத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று விடியற்காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு, முட்டைகளை உள்ளே இறக்கி, துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நூற்றைம்பதுக்கும் அதே வாளி, அதே தண்ணீர். கடைசி அட்டைக்கு வரும்போது அது வைக்கோல் ஊறிய நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கடைக்காரர் இரண்டு அட்டைகளை எங்கள் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை அவரே உடைத்துக் காட்டினார். வெள்ளைக்கரு பச்சையோடிப்போய் நீராய் ஓடியது. நாற்றம் கட்டுத்தரை வரைக்கும் போனது. "இனி வேண்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைய விலைக்கு ஆயிரத்துச் சொச்சம் நட்டம். அதைத் திரும்பச் சம்பாதித்துவிட்டேன். அந்தக் கடையில் மறுபடி கால் வைக்கவே முடியவில்லை.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், முட்டையில் தண்ணீர் படவே விடமாட்டார். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த சாக்குத் துணியால் துடைப்பார். "நனைந்த முட்டை தங்காது, அம்மிணி" என்பார். படிக்காதவர், சுத்தம் தெரியாதவர் என்று அதை ஒதுக்கித் தள்ளிய மேதை நான்.

நடப்பது இதுதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் 7,000 முதல் 17,000 வரை இருக்கும். கோழி முட்டையிடும்போது ஓட்டின் மேல் ஈரமாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சில நிமிடங்களில் காய்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். இட்ட சூட்டோடு முட்டையைக் கையில் எடுத்திருந்தால் அந்த ஈரம் மங்கி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான்.

இரண்டாவது கேடு இதைவிட மோசம். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெளியே வந்த முட்டை ஆற ஆற உள்ளே இருப்பது சுருங்கும். அந்த இடத்துக்குக் காற்று உறிஞ்சப்பட்டு, அகன்ற முனையில் காற்றறை உண்டாகும். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் அதே சுருக்கம், அதே உறிஞ்சல். இப்போது வெளியே இருப்பது காற்று இல்லை, எச்சம் கரைந்த தண்ணீர். வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொடுக்கிற சால்மோனெல்லாக் கிருமி கோழி எச்சத்தில் இருக்கக்கூடியது. ஓட்டின் மேல் காய்ந்து கிடந்ததை நாமே கரைத்து உள்ளே அனுப்பி வைக்கிறோம்.

அமெரிக்காவில் கழுவித்தானே விற்கிறார்கள் என்று அந்தப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார். ஆமாம், கழுவுகிறார்கள். முட்டையின் சூட்டைவிடக் குறைந்தது 11 டிகிரி கூடுதலான வெந்நீரில் இயந்திரத்தில் கழுவி, உலர்த்தி, வீடு போய்ச் சேரும் வரை குளிரிலேயே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ முதல்தர முட்டையைக் கழுவக் கூடாது என்பதுதான் பொது விதி. இரண்டும் ஒழுங்கான வழிகள். வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுச் சமையலறை மேடையில் வைப்பது இந்த இரண்டிலும் சேராது.

சரி, அழுக்கு முட்டையை என்ன செய்வது? காய்ந்த தேங்காய் நாராலோ துணியாலோ மெதுவாகத் துடையுங்கள். துடைத்தும் போகாததைத் தனியாக வைத்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள். கழுவியே ஆக வேண்டுமானால் அடுப்புக்குப் போகும் முன்பு, கை பொறுக்கும் சூட்டில், குழாயிலோ சொம்பிலோ ஊற்றிக் கழுவுங்கள். ஊற வைக்காதீர்கள். எச்சம் அப்பிக் கிடப்பதைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் போடுங்கள். ஒரு முட்டைக்குக் கணக்குப் பார்த்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை பெரியவளானால் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்கக் கொடுத்து, அதே ஓட்டில் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கோழியின் பின்புறத்திலிருந்து வந்த ஓட்டைக் கிண்ணமாக்கிப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. என் மகளுக்கு மாமியார் இதைச் செய்ய வந்தபோது நான் முட்டையை வேகவைத்துக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்கல் நடந்தது. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வெந்த முட்டைதான் சரி.

கொடாப்பிலேயே முட்டையிட விடுவது

கழுவ வேண்டிய நிலையே இங்கேதான் தொடங்குகிறது. கோழி இரவில் அடைகிற இடத்தில்தான் எச்சம் அதிகம் விழும். அதே கொடாப்பில் முட்டையும் விழுந்தால் அழுக்காகாமல் என்ன செய்யும்? கொஞ்சம் இருட்டான மூலையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், காய்ந்த வைக்கோல் போட்ட கூடையைத் தனியாக வையுங்கள். நாலைந்து பெட்டைகளுக்கு ஒரு கூடை போதும். வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இதைச் செய்தபின் என் முட்டைகளில் பத்துக்கு ஒன்பது துடைக்கவே வேண்டியதில்லை.

மாலையில் மட்டும் எடுப்பது

பெரும்பாலான கோழிகள் முற்பகலில் இட்டுவிட்டுக் கேறும், அதாவது கொக்கரிக்கும். கேறல் உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை, காக்கைக்கும் கீரிக்கும் கேட்கிறது. பதினோரு மணிக்கு ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை எடுங்கள்.

விட்டுவைத்த முட்டை

கூடையில் ஒரு முட்டையை விட்டுவைத்தால் கோழி இடம் மாறாது என்று விடுவோம். நல்ல வழக்கம்தான். ஆனால் விட்டது எது என்று அடையாளம் இல்லையென்றால், மூன்று வாரம் கூடையில் வெந்த முட்டை ஒருநாள் உங்கள் ஆம்லெட்டுக்கு வந்துவிடும். கரித்துண்டால் சுற்றிலும் கோடு போடுங்கள். இல்லையென்றால் முட்டை அளவில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். கோழி பேதம் பார்ப்பதில்லை.

தட்டுப்போர்ப் புதையல்

சோளத்தட்டுப் போருக்கு அடியில் திடீரென்று பதினோரு முட்டைகள் கிடைக்கும். பிள்ளைகள் குதிப்பார்கள். நீங்கள் குதிக்காதீர்கள். நாமக்கல் பண்ணை முட்டைக்குப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அங்கே பெட்டைகளோடு சேவல் கிடையாது, அந்த முட்டையில் குஞ்சு வராது. நம் வாசலில் சேவல் திரிகிறது. சுமார் 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். கரூரிலும் தாராபுரத்திலும் கோடை 38 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் தட்டுப்போரின் அடி கிட்டத்தட்ட அடைக்கூண்டுதான். அடைக்கோழியின் சூடு 37.5 டிகிரி, கணக்கு 21 நாள். அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு வலை தெரிந்தால் அது சமையலுக்கு இல்லை. தெளிவாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சட்டியில் ஊற்றுங்கள். ஒருமுறை எங்கள் நங்கை பத்து நல்ல முட்டையோடு பதினொன்றாவதாக ஒரு கூமுட்டையை நேராகச் சட்டியில் உடைத்தார். பத்தும் போயிற்று, சட்டியையும் மூன்று நாள் வெயிலில் காய வைத்தோம்.

மிதந்தால் கெட்டது, அமிழ்ந்தால் நல்லது என்று நம்புவது

தண்ணீரில் போடும் சோதனை முட்டையின் வயதைச் சொல்லும், அவ்வளவுதான். நாளாக ஆக ஈரம் வெளியேறிக் காற்றறை பெரிதாவதால் மிதக்கிறது. கிருமியுள்ள புது முட்டையும் சமர்த்தாக அமிழும். சோதித்த முட்டையைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள், அது நனைந்துவிட்டது.

கூர்முனையை மேலே வைப்பது

கூர்முனை கீழே. ராகிப் பானையில் சொருகினாலும் அப்படித்தான்.

தேதி எழுதாதது

பென்சில் ஒன்று ஐந்து ரூபாய்.

அடுப்படி அலமாரி

வேண்டாம். வடக்குப் பார்த்த அறையில், ஈரமணலுக்கு மேல் வைத்த மண்சட்டி அதைவிட நல்லது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவு

கதவைத் திறக்கத் திறக்கச் சூடு மாறும், ஆட்டமும் கண்டுகொண்டே இருக்கும். உள்தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். ஒருமுறை குளிருக்குள் போன முட்டை அங்கேயே இருக்க வேண்டும். பலகாரத்துக்கு என்று பத்தை வெளியே எடுத்து, ஆறு செலவாகி, மிச்சம் நாலை மாலையில் திரும்ப வைக்கிறோம் அல்லவா? அதற்குள் அவை முத்து முத்தாக வியர்த்திருக்கும். அந்த நாலையும் ராத்திரிக் குழம்பில் உடைத்து ஊற்றிவிடுங்கள்.