மந்திரத்துக்கு ஹவுஸ் ரூல் எழுதுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக விளையாடும் ஆட்டத்தில் புதிதாக டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆன இரண்டு மூன்று பேர் போன மாதம் தங்கள் ஹவுஸ் ரூல்களை (தங்கள் மேசைக்கென்று மாற்றி எழுதிய விதிகளை) எனக்கு அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். எல்லாமே மந்திரம் பற்றிய விதிகள். நாங்கள் விளையாட ஆரம்பித்த காலத்தில் செய்த குளறுபடிகள் ஒன்றுவிடாமல் அவற்றில் இருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒவ்வொரு புது டிஎம்மும் அதே இடத்துக்கு வந்து சேருகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மந்திரத்தின் விளக்கத்தை முழுதாகப் படிக்காமல் மாற்றுவது, பிடித்த ஆட்டக்காரருக்கு மட்டும் சலுகை கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்கிறவற்றைத்தான் சொல்ல வேண்டும். நான் பேசுவது இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைப் பற்றி. எண்கள் 2014ல் தொடங்கிய புத்தக வரிசையில் உள்ளவை. 2024ல் வந்த திருத்தத்தில் பல மந்திரங்கள் மாறின, ஆனால் ஸ்லாட் கணக்கின் (ஒவ்வொரு லெவலிலும் ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் போடலாம் என்ற ஒதுக்கீட்டின்) அடிப்படை மாறவில்லை.

ஸ்லாட்டை எடுத்துவிட்டு மானா வைப்பது

இதைத்தான் நிறையப் பேசப்போகிறேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வீடியோ கேமில் பழகியவர்களுக்கு ஸ்பெல் ஸ்லாட் புரியாத புதிர். "சக்தி இருந்தால் மந்திரம் போடலாம், தீர்ந்தால் முடியாது, இவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உடனே ஸ்லாட்டைத் தூக்கிவிட்டு, மொத்தமாக ஒரு பாயின்ட் கணக்கு, அதாவது மானா, வைத்துவிடுகிறார்கள். டிஎம் கையேட்டிலேயே ஸ்பெல் பாயின்ட் என்று ஒரு மாற்று விதி இருப்பதால் துணிச்சலும் வந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆட்டக்காரரின் கேரக்டருக்கு லெவல் இருப்பது போல மந்திரங்களுக்கும் தனியாக லெவல் உண்டு. ஐந்தாம் லெவல் விசார்டுக்கு (புத்தகம் படித்து மந்திரம் கற்றவர்) முதல் லெவல் ஸ்லாட் 4, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 2. நடுவில் ஓய்வெடுத்து மீட்டுக்கொள்வதை விட்டுவிட்டால் மொத்தம் ஒரு நாளைக்கு 9 மந்திரம், அதில் மூன்றாம் லெவல் மந்திரமான ஃபயர்பால் (தீப்பந்து) போடக்கூடியவை இரண்டே இரண்டு. கையேட்டின் மாற்று விதிப்படி இதே விசார்டுக்கு 27 பாயின்ட். முதல் லெவல் மந்திரத்தின் விலை 2, இரண்டாம் லெவல் 3, மூன்றாம் லெவல் 5. நான்கை இரண்டால், மூன்றை மூன்றால், இரண்டை ஐந்தால் பெருக்கிக் கூட்டினால் சரியாக 27 வரும். காகிதத்தில் எதுவும் கூடவில்லை, குறையவில்லை.

ஆனால் 27 பாயின்டை வைத்துக்கொண்டு யாரும் நான்கு, மூன்று, இரண்டு என்று பிரித்துச் செலவு செய்யப்போவதில்லை. ஐந்து ஃபயர்பால் போடுவார்கள். இரண்டு பாயின்ட் மீதி வேறு இருக்கும்.

ஃபயர்பால் என்பது 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டு) அடி, சராசரி 28. ஹாப்காப்ளின் என்ற சாதாரண எதிரிக்கு உயிர் 11. தப்பிக்கும் பகடையில் ஜெயித்துப் பாதி அடி வாங்கினாலும் சராசரி 14, செத்துப்போகும். அதே லெவல் ஃபைட்டர் பெரிய வாளோடு ஒரு சுற்றில் இரண்டு முறை வெட்டுவார். இரண்டும் பட்டால் சுமார் 22, அதுவும் பெரும்பாலும் ஒரே எதிரிக்கு. ஒரு நாளைக்கு இரண்டு ஃபயர்பால் என்றால் இந்த வித்தியாசம் பிரச்சினையே இல்லை. விசார்டு தன் இரண்டு பெரிய தருணங்களுக்காகக் காத்திருப்பார், மற்ற நேரமெல்லாம் வாள்காரர் கூட்டத்தைத் தாங்குவார். ஐந்து என்றால் வாள்காரருக்கு மேசையில் வேலையே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மேசையில் இதுதான் நடந்தது. ஃபைட்டர் விளையாடியவர் தன் கேரக்டருக்கு இரண்டு பக்கம் கதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். எந்த ஊர், யாரிடம் வாள் பழகினான், ஏன் ஓடிவந்தான் என்று எல்லாம் இருந்தது. மானா விதி வந்த பிறகு அவர் முறை வருவதற்குள் அறை காலியாகிவிடும். முதலில் சிரித்தார். அப்புறம் போனை எடுத்தார். அப்புறம் "இந்த வாரம் வேலை இருக்கு" என்று மெசேஜ் வர ஆரம்பித்தது. கடைசியில் வரவே இல்லை. விசார்டு விளையாடியவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். விதி அவர் கையில் கொடுத்ததை அவர் பயன்படுத்தினார்.

டிஎம் என்ன செய்தார் தெரியுமா? தீ படாத எதிரிகளை இறக்கினார். விசார்டு முகம் சுளித்தார். சரி என்று எல்லா எதிரிக்கும் உயிரை இரட்டிப்பாக்கினார். இப்போது வாள்காரரின் 22 இன்னும் அற்பமாகிவிட்டது. மந்திர விதியில் வந்த ஓட்டையை எதிரிகளை வைத்து அடைக்கப் பார்த்தால், அந்த அடி எப்போதும் மந்திரம் இல்லாதவர் தலையில்தான் விழும். என்னை இத்தனை வருடமாக உறுத்துவது அதுதான். விதியை மாற்றியது ஒருவருக்காக, விலை கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவர்.

இதன் பாதிப்பு ஃபயர்பாலோடு நிற்பதும் இல்லை. ஷீல்ட் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவல், உங்கள் அடுத்த முறை வரை ஏசி (உங்கள் மேல் அடி பட எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்) 5 கூடும். எந்த லெவலிலும் மதிப்பு குறையாத மந்திரம். ஸ்லாட் முறையில் எல்லா ஸ்லாட்டையும் அதற்கே எரித்தாலும் ஒன்பது முறைதான், அதற்கு ஃபயர்பாலையும் தியாகம் செய்ய வேண்டும். பாயின்ட் முறையில் 13 முறை. அப்படி ஒரு விசார்டை ஹாப்காப்ளின்கள் தொடுவதே கஷ்டம்.

இன்னொரு ஆள் சத்தமில்லாமல் பாதிக்கப்படுவார், அவர்தான் சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் உள்ளவர்). சார்சரி பாயின்டை ஸ்லாட்டாக மாற்றிக்கொள்வது அவருக்கு இரண்டாம் லெவலில் கிடைக்கும் தனித் திறமை. அதன் விலைப்பட்டியல் என்ன? முதல் லெவல் ஸ்லாட்டுக்கு 2, இரண்டாம் லெவலுக்கு 3, மூன்றாம் லெவலுக்கு 5. அதே எண்கள்! அவர் காசு கொடுத்து வாங்கிய வளைவுநெளிவை நீங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள். விசார்டு மந்திரப் புத்தகத்தில் அத்தனை மந்திரத்தையும் வைத்துக்கொண்டு, சார்சரரின் சௌகரியத்தையும் எடுத்துக்கொண்டால், சார்சரரை இனி யார் தேர்ந்தெடுப்பார்கள்?

சொந்தமாக மானா எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். கையேட்டு விதியில் ஆறாம் லெவலும் அதற்கு மேலும் உள்ள ஸ்லாட்களை, ஒவ்வொரு லெவலுக்கும் ஒன்றுதான், அடுத்த லாங் ரெஸ்ட் (சாதாரணமாக ஓர் இரவு ஓய்வு) வரை உருவாக்க முடியும். அந்த ஒற்றை வரியை மறந்தால் பெரிய லெவல்களில் ஆட்டம் முழுதாகக் கவிழ்ந்துவிடும்.

பாயின்ட்தான் வேண்டும் என்று மேசையே ஆசைப்பட்டால் என்ன செய்யலாம்? விலையை ஏற்றுங்கள். மூன்றாம் லெவலுக்கு 5க்குப் பதில் 7 வைத்தால் 27 பாயின்டில் மூன்று ஃபயர்பால், மீதி 6. அந்த ஆறில் மூன்று சின்ன மந்திரம். வளைவுநெளிவும் கிடைக்கும், விலையும் தெரியும். ஷீல்ட் மாதிரி, அடுத்தவர் முறையிலேயே பதிலுக்குப் போடும் ரியாக்‌ஷன் மந்திரங்களுக்கு, ஒரு சண்டையில் முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு பாயின்ட் கூட என்று வையுங்கள். சார்சரர் யாராவது இருந்தால் அவருக்கு மட்டும் பழைய விலை. நான் பார்த்தவரை இந்த மூன்றும் சேர்ந்தால் மேசை நிமிர்ந்து நிற்கிறது.

ஆனால் அதற்கு முன்னால், ஒரு நாளில் எத்தனை சண்டை வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (சாதாரணமாக ஒரு மணி நேர ஓய்வு) என்பதுதான் 2014 கையேட்டின் கணக்கு. பெரும்பாலான மேசைகளில் ஒன்று அல்லது இரண்டுதான் நடக்கிறது. அப்படியானால் ஸ்லாட் முறையிலேயே மந்திரவாதிகளுக்கு ஏற்கெனவே கொண்டாட்டம். அதற்கு மேல் மானாவும் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். மந்திரம் பலவீனமாக இருக்கிறது என்று ஒரு ஆட்டக்காரர் சொன்னால், விதியைத் தொடாமல் உங்கள் நாளின் நீளத்தை முதலில் பாருங்கள்.

இரண்டு கான்சன்ட்ரேஷன் அனுமதிப்பது

வேண்டாம். சில மந்திரங்கள் நீடிக்க, போட்டவர் தன் கவனத்தை அதிலேயே வைத்திருக்க வேண்டும், அதுதான் கான்சன்ட்ரேஷன். ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் விதி இடம் தருகிறது. காரணம் கேட்பவர்களுக்கு ஒரே உதாரணம். ஒன்பதாம் லெவல் விசார்டு முதல் சுற்றில் சிக்கனிங் ரேடியன்ஸ் (உடம்பை வாட்டும் ஒளி) போடுகிறார், இரண்டாம் சுற்றில் அதன் மேல் வால் ஆஃப் ஃபோர்ஸை (உடைக்க முடியாத மந்திரச் சுவர்) கவிழ்க்கிறார். உள்ளே மாட்டிய எதிரி ஒவ்வொரு சுற்றும் தப்பிக்கும் பகடையில் தோற்றால் 4டி10 அடியோடு ஒரு நிலை எக்ஸாஷன் (களைப்பு). ஆறாவது நிலை மரணம். டெலிபோர்ட், டிஸின்டக்ரேட் மாதிரி ஏதாவது கையில் இல்லையென்றால் வெளியே வர வழியில்லை. சாதாரண விதியில் இதற்கு இரண்டு மந்திரவாதிகள் ஒத்துழைக்க வேண்டும், இருவரும் அடி வாங்கிக் கவனம் கலையாமல் நிற்க வேண்டும். அந்தக் கூட்டு முயற்சியை ஒரே ஆள் தனியாகச் செய்ய விட்டால் உங்கள் கதையின் பெரிய வில்லன் பகடையில் தோற்றுக்கொண்டே இருந்தால் ஆறு சுற்றுதான் ஆயுள்.

மந்திரத்துக்கும் ஃபம்பிள் பட்டியல்

பகடையில் 1 விழுந்தால் மந்திரம் போட்டவர் மேலேயே வெடிக்கும் என்று ஒரு விதி. மந்திரம் ஆபத்தானது என்ற உணர்வு வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறார்கள். அந்த ஆசை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் பகடை உருட்டுவது யார் என்று பாருங்கள்.

ஃபயர்பாலுக்கு மந்திரவாதி தாக்குதல் பகடை உருட்டுவதில்லை, எதிரிதான் தப்பிக்கும் பகடை உருட்டுகிறார். எனவே அதில் ஆபத்து பூஜ்யம். வார்லாக் என்ற இன்னொரு வகை மந்திரவாதி போடும் எல்ட்ரிச் பிளாஸ்டுக்கோ ஒவ்வொரு கதிருக்கும் உருட்ட வேண்டும். முதல் லெவலில் ஒரு கதிர், ஐந்தில் இரண்டு, பதினொன்றில் மூன்று, பதினேழில் நான்கு. ஒரு சுற்றில் குறைந்தது ஒரு 1 விழும் வாய்ப்பு முதல் லெவலில் 5 சதவீதம், பதினேழாம் லெவலில் கிட்டத்தட்ட 18.5 சதவீதம். அனுபவம் கூடக் கூட வார்லாக் தடுமாறுகிறார், ஊரையே கொளுத்துகிறவருக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆபத்து வேண்டுமென்றால் அதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ஸ்லாட் எல்லாம் தீர்ந்த பிறகும் ஒரு மந்திரம் போடலாம், பதிலுக்கு எக்ஸாஷன். ஒரு நிலை மட்டும் கேட்டால் போதாது. அது திறன் சோதனைகளைத்தான் கெடுக்கும், மந்திரவாதிக்குப் பெரிதாக வலிக்காது. மூன்றாம் லெவல் மந்திரத்துக்கு இரண்டு நிலை கேளுங்கள், நடையின் வேகமும் பாதியாகும். ஒரு லாங் ரெஸ்டில் ஒரு நிலைதான் இறங்கும் என்பதால் மறுநாளும் அதன் வலி இருக்கும். இப்படிச் செய்தால் "போடட்டுமா வேண்டாமா" என்று மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். ஃபம்பிள் பட்டியல் அதைத் தரவே தராது.

அந்த நேர உற்சாகத்தில் "சரி" சொல்லிவிடுவது

கிளெரிக் (கடவுள் அருளால் மந்திரம் போடுகிறவர்) விளையாடுகிறவர் கேட்கிறார்: "கிரியேட் வாட்டர் போட்டு அவன் நுரையீரலுக்குள்ள தண்ணிய நிரப்பலாமா?" மேசை முழுக்கக் கைதட்டல். டிஎம்மும் சரி என்றுவிடுகிறார். அந்த நிமிடமே அது விதியாகிவிட்டது. அடுத்த வாரம் டிராகனுக்கும் நுரையீரல் இருக்கும்.

அந்த மந்திரம் திறந்த பாத்திரத்தில் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் தண்ணீரை உருவாக்கும், அல்லது மழையாகப் பெய்விக்கும், அவ்வளவுதான். நுரையீரல் திறந்த பாத்திரமா என்று வாதாட உட்காராதீர்கள். ஆட்டக்காரர் அறிவியல் பாடத்தோடு வந்து நிற்பார். அதே அளவோ அதைவிடச் சின்னதோ ஆன மந்திரம் எதைச் செய்ய விதி விடுகிறது என்று தேடுங்கள். விஷியஸ் மாக்கரி ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்). கொஞ்சம் அடி, அதோடு எதிரியின் அடுத்த தாக்குதலுக்குத் தடுமாற்றம் (இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும்). சரி, "தண்ணீர் அவன் முகத்தில் பாய்கிறது, தப்பிக்கும் பகடையில் தோற்றால் அடுத்த தாக்குதல் தடுமாறும்" என்று சொல்லுங்கள். கற்பனைக்கும் மரியாதை கிடைத்தது, முதல் லெவல் ஸ்லாட்டின் விலையும் கலையவில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு மந்திரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது எனக்கு இதுவரை பொய்த்ததில்லை.

வைரத்தைத் தள்ளுபடி செய்வது

செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரத்தை விழுங்கும். அதைக் கேட்காத மேசையில் சாவுக்குப் பயமில்லை.

ஓய்வை நீட்டிவிட்டு நேரத்தை மறப்பது

மேலே சொன்ன "நாளின் நீளம்" பிரச்சினைக்குக் கையேட்டில் ஒரு வழி இருக்கிறது. ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். அரசியல், பயணம் நிறைந்த கதைகளுக்கு அருமையாகப் பொருந்தும், நானும் சிபாரிசு செய்கிறேன். ஆனால் இதை எடுத்துக்கொள்கிறவர்கள் மந்திரங்களின் கால அளவைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

மேஜ் ஆர்மர் 8 மணி நேரம் நிற்கும். சாதாரண விதியில் காலையில் ஒரு ஸ்லாட் கொடுத்தால் அன்றைய சண்டைகள் முழுதும் பாதுகாப்பு. லாங் ரெஸ்ட் ஏழு நாள் ஆகும்போது, அதே ஸ்லாட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீளும் இடைவெளியில் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது. மணிக்கணக்கில் நிற்கும் மந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. அதே நேரம் வார்லாக்குக்கு ஸ்லாட்கள் ஷார்ட் ரெஸ்டில் திரும்பிவிடும், அதாவது ஒவ்வொரு ராத்திரியும். விசார்டு வாரம் முழுக்கக் காத்திருக்கும்போது வார்லாக் தினமும் புதுசாக எழுந்து வருவார்.

இதற்கு நான் செய்வது: எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும் மந்திரங்களை அடுத்த லாங் ரெஸ்ட் வரை நிற்க விடுகிறேன். ஒரு மணி நேர மந்திரங்களை எட்டு மணி நேரமாக்குகிறேன். பத்து நிமிடமும் அதற்குக் கீழும் அப்படியே. வார்லாக்குக்கு, இரண்டு லாங் ரெஸ்டுக்கு நடுவே மூன்று ஷார்ட் ரெஸ்டில் மட்டும் ஸ்லாட் திரும்பும் என்று ஒரு வரம்பு. இதை முதல் செஷனுக்கு முன்பே வார்லாக் விளையாடப்போகிறவரிடம் சொல்லி, வேறு வகுப்பு எடுக்க விரும்புகிறாரா என்று கேட்டுவிடுகிறேன்.

கேம்பெயின் நடுவில் சொல்லாமல் மாற்றுவது

கூடவே கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், பாதிக்கப்படும் ஆட்டக்காரர் தன் மந்திரங்களை மறுபடி தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.