மைலோ டின்னில் கிடக்கும் பழைய காசுகள்: சேகரிப்பை மீண்டும் தொடங்குவது எப்படி?

சிறுவயதில் சேர்த்த நாணயங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் அலமாரியிலிருந்து எடுப்பவர், முதல் சில வாரங்களுக்குப் புதிதாக எதையும் வாங்காமலும் இருப்பதைத் தேய்க்காமலும் இருக்க வேண்டும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, கறுத்த செம்புக் காசையும் துலக்கவே முனையும். ஆனால் புளியின் அமிலம் அழுக்கோடு உலோகத்தின் மேற்பரப்பையும் அரித்துவிடும். காலப்போக்கில் இயல்பாகப் படிந்த பழுப்பு நிறத்தையே சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள், அது போனால் திரும்பாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் காசுகளைப் பிரியுங்கள். நாடாளுமன்றக் கட்டடம் பொறித்தவை 1967இல் தொடங்கிய மலேசிய நாணயங்களின் முதல் வரிசையைச் சேர்ந்தவை. 1989இல் வந்த இரண்டாம் வரிசையில் 5 சென்னில் பம்பரமும், 10 சென்னில் நம் பல்லாங்குழியைப் போன்ற சொங்காக்கும், 20 சென்னில் வெற்றிலைப் பெட்டியும், 50 சென்னில் வாவ் பட்டமும் இருக்கும். முதல் வரிசையின் ஒரு சென் காசுகளிடம் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஒட்டாதவை வெண்கலம், ஒட்டுபவை 1970களில் அறிமுகமான, செம்பு பூசிய எஃகு. பினாங்குத் தமிழர் வீடுகளில் இவற்றோடு ராணி தலை போட்ட சதுரக் காசுகளும், தாத்தா பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய ஓட்டைக் காசுகளும் கலந்திருக்கக்கூடும். குடும்பக் கதை உள்ள காசு எதுவானாலும், அது யாருடையது, எப்படி வந்தது என்று விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். எந்த விலைப்பட்டியலிலும் அந்தச் செய்தி கிடைக்காது.

மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்குவதால் அவற்றைத் தவிர்த்து மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கட்டாயம் வேண்டும்.

இனி வாங்கலாம், ஆனால் ஒரே வரிசையை முழுமையாக்குவது என்ற வரம்போடு வாங்குங்கள். ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழங்காசு தேடுவது பெரிய இன்பம். எனினும் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் பெரிய வெள்ளி டாலரை யாராவது நீட்டினால் நிதானியுங்கள், ஏனெனில் அதற்குப் போலிகள் ஏராளம். 1903, 1904ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராமும், 1907 முதல் 1909 வரையிலானது 20.21 கிராமும் இருக்க வேண்டும்; தேய்மானத்தால் சற்றே குறையலாம். சட்டைப்பையில் அடங்கும் மின்னணுத் தராசும் காந்தமும் கொண்டுசெல்லுங்கள். காந்தத்தில் ஒட்டினாலோ எடை வெகுவாக மாறினாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.